கடல் நோக்கிய கல்மனை

ராபின்சன் ஜெஃபர்ஸும் அவர்தம் துணைவி யூனாவும் 1914ஆம் ஆண்டில் குதிரை வண்டியேறிக் கலிஃபோர்னியாவின் கார்மல் சிற்றூரை அடைந்தனர். இங்கிலாந்தில் குடியேற எண்ணியிருந்தவர்களை முதல் உலகப்போர் தடுத்துவிட்டது. பிறந்து ஒரு நாளே வாழ்ந்த பெண்மகவை அவ்வாண்டு மே திங்களில்தான் இழந்திருந்தனர். முன்னரே மணமான யூனாவை அவர் காதலித்த செய்தி நாளிதழ் வரை சென்று தூற்றப்பட்டிருந்தது. ஊரின் பார்வையினின்று விலகி வாழ ஓரிடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

1887இல் பிறந்த ஜெஃபர்ஸ், விவிலியப் பேராசிரியர் ஒருவரின் மைந்தர். கிரேக்கமும் இலத்தீனும் இளமையிலேயே கற்றவர். மருத்துவமும் வனவியலும் பயிலப் புகுந்து இடையில் விட்டார். 1912இலும் 1916இலும் வெளிவந்த முதலிரு தொகுதிகளைக் கவனித்தோர் சிலரே.

திருப்பம் கல்லிலிருந்து வந்தது. 1919இல் கடலோர மேட்டில் மனை எழுப்பத் தொடங்கியபோது, கொத்தனாரிடமே எடுபிடியாகச் சேர்ந்து அத்தொழிலைக் கற்றுக்கொண்டார். அலை உருட்டிய கருங்கற்களைக் கீழிருந்து மேடேற்றினார். தோர் மனை எழுந்தது. பின்னர்த் தன்னந்தனியே நாற்பதடி அளவு உயரத்தில் ஒரு கோபுரமும் கட்டினார். கட்டுங்காலத்தில் நாள்தோறும் வந்த பருந்தொன்று பணி முடிந்த அன்றே மறைந்தது என்பர். அதனால் அது பருந்துக் கோபுரம் ஆயிற்று. காலையில் கவிதை, பிற்பகலில் கல்வேலை, மாலையில் மரங்களுக்கு நீர். நட்டவை ஏறத்தாழ 2,000. கல்லோடு உழைத்த நாள்களில்தான் கணவரின் ஆற்றல் விழித்தெழுந்தது என யூனா பின்னாளில் எழுதினார். 1924இல் வெளிவந்த 'தாமர்' அதனை மெய்ப்பித்தது.

அம்மனையின் சாளரத்தில் அவர் கண்டவை: வரிசையாய்ப் பறக்கும் கூழைக்கடாக்கள், பாறையில் சிறகு விரிக்கும் நீர்க்காகங்கள், மூடுபனிக்குள் குரைக்கும் கடற்சிங்கங்கள். நம் நெய்தல் திணையில் கடலும் புள்ளும் தலைவியின் இரங்கலுக்குத் துணை நிற்பன. ஜெஃபர்ஸின் கடலோ எவர் துயருக்கும் செவி சாய்ப்பதில்லை. அவ்வலட்சியத்தையே அவர் அழகெனக் கண்டார். ஓர்காத் திமிங்கிலங்கள் கடற்சிங்கங்களை வேட்டையாடியதைப் பாடும்போதும், அச்சாவில் மாசு காணாது தூய்மையே கண்டார். ஆயினும் அவர் நெஞ்சம் கல்லன்று. சிறகொடிந்த பருந்தொன்றை ஆறு வாரம் உணவூட்டிப் பேணியதையும், பிழைக்கவியலாத அதனைத் தம் கையாலேயே சுட்டு விடுவித்ததையும் பாடிய கவிதையில் வலி மறைந்தே நிற்கிறது. அவர் படைப்புகளுள் தலையாயது அதுவே எனலாம்.

மனிதனை நடுவில் வையாத அந்நோக்கிற்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. 1932இல் 'டைம்' இதழின் அட்டையில் இடம்பெற்றவர், இரண்டாம் உலகப்போரில் தம் நாடு இறங்கியதை எதிர்த்தெழுதியதால் வெறுக்கப்பட்டார். 1948இல் வெளியான 'இரட்டைக் கோடரி'யிலிருந்து சில கவிதைகளை நீக்கச் செய்த பதிப்பகத்தார், அரசியல் கருத்துகளில் தமக்கு உடன்பாடில்லை என்னும் குறிப்பையும் நூலிலேயே சேர்த்தனர். கவிஞர் கலங்கியதாகத் தெரியவில்லை.

கலங்கியது 1950இல். அவ்வாண்டு யூனா புற்றுநோயால் மறைந்தார். மனிதரினும் பாறையே பெரிதென்று பாடியவருக்கு, ஒரு மனித உயிர் இன்றி அப்பாறை வீட்டில் வாழ்வது அரிதாயிற்று. அதன்பின் அவர் எழுதியவை குறைவு. எதிரே அதே கடல். சுற்றிலும் புதிய வீடுகள் நெருங்கின.

கீழறையில் கடலை நோக்கிய சாளரத்தின் அருகே விருந்தினர்க்கென ஒரு கட்டில் இருந்தது. வீடு கட்டிய நாளிலேயே அதனைத் தம் இறுதிப் படுக்கையாகத் தேர்ந்துகொண்டதாக, முப்பதாண்டுகளுக்கு முன்னரே ஒரு கவிதையில் கூறியிருந்தார். 1962 சனவரி 20 அன்று, அக்கட்டிலிலேயே அவர் உயிர் நீத்தார்.