புயலைக் கண்ட கடைப் பையன்

பிரெஞ்சு நாட்டிலே ஆன்றி பார்புசு என்றோர் எழுத்தாளர் இருந்தார். 1914-ல் போர் மூண்டபோது அவருக்கு வயது 41. வீட்டிலே இருந்திருக்கலாம், இருக்கவில்லை. தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். பதுங்கு குழியின் சேற்றிலே, சிப்பாயோடு சிப்பாயாய்க் கிடந்தார். அந்தச் சேற்றையே 1916-ல் நாவலாக்கினார். அதே ஆண்டு கோன்கூர் பரிசு அவரைத் தேடி வந்தது. போர் ஓயவில்லை, பீரங்கி அடங்கவில்லை. போரைப் பழித்தவருக்குப் பரிசு!

நம்மிடமும் ஒருவர் இருந்தார். போர் பெற்றெடுத்த நாவலைக் கையிலே வைத்துக்கொண்டு பத்தாண்டு காத்திருந்தார். ப. சிங்காரம் அவர் பெயர்.

1920-ல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938-ல், பதினெட்டு வயதில், கப்பலேறினார். சீமைக்குப் படிக்கவா? இல்லை. சுமத்ரா தீவின் மெடான் நகரிலே, வட்டிக்கடையில் வேலை பார்க்க! அன்று அது டச்சுக்காரன் ஆண்ட பூமி. பெட்டியடிப் பையன்கள் கணக்கெழுதிக் கண் பூத்து, ஊருக்குப் பணம் அனுப்பிய காலம். பிறகு அரசின் மராமத்துத் துறையிலும் அவர் பணியாற்றினார். அங்கேதான் மணமும் நடந்தது. அங்கேயே பிள்ளைப்பேற்றில் மனைவியும் மாண்டாள், மகவும் மாண்டது. மறுமணம் அவர் செய்துகொள்ளவில்லை.

1942 மார்ச்சில் சப்பானியப் படை மெடானுக்குள் நுழைந்தது. நேற்றுவரை துரையென்று நின்ற வெள்ளையன் கைதியானான். டச்சு நாணயம் போய்ச் சப்பான் நோட்டு வந்தது. கடல் கடந்த தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்திலே சேர்ந்தார்கள். தோட்டத்தில் பால் வெட்டியவன் தோளில் துப்பாக்கி ஏந்தினான். 1945-ல் சப்பான் வீழ்ந்ததும், இந்தோனேசிய மக்கள் தம் விடுதலைக்குப் போராடினார்கள். இத்தனையும் அவர் வாழ்ந்த மண்ணிலே, அவர் வாழ்ந்த நாளிலே! தளபதியின் கூடாரத்திலிருந்து பார்த்தவரல்லர். தெருவிலே நின்று பார்த்தவர்.

1946-ல் தாயகம் திரும்பினார். மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் 1947 முதல் 1987 வரை, நாற்பதாண்டு உழைப்பு. ஒய்.எம்.சி.ஏ. விடுதியிலே ஓர் அறை; அதுவே வீடு. 1950-ல் 'கடலுக்கு அப்பால்' எழுதினார். அது கலைமகள் போட்டியிலே பரிசு பெற்று 1959-ல்தான் நூலாயிற்று. 1962 வாக்கில் எழுதியது 'புயலிலே ஒரு தோணி'. பதிப்பாளர் வாசல்களைத் தட்டித் தட்டி, 1972-ல் அச்சேறியது. பார்புசுக்கு அதே ஆண்டு, சிங்காரத்துக்குப் பத்தாண்டு! தமிழ் வாழ்க என்று எழுதாத சுவரில்லை அந்நாளில். தமிழன் கண்ட உலகப் போரை அச்சிட ஆளில்லை. மூன்றாவது நாவலை அவர் எழுதவேயில்லை. எழுதியிருப்பாரா, யாரறிவார்!

அந்த நாவலின் நாயகன் பாண்டியன். மெடானிலே வெட்டுண்ட தலைகளை மேசைமீது வைத்து ஊருக்குக் காட்டுகிறது படை, அதைக் கண்டவன். படையில் சேர்கிறான், கடல் கடக்கிறான், காதலிக்கிறான், கொல்கிறான், இறுதியில் அந்நிய மண்ணிலேயே சாய்கிறான். வெற்றி முரசு எங்கும் ஒலிக்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மேடையிலே மூவேந்தர் பெருமை முழங்குகிறோமே, அந்த முழக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழம்பெருமை பேசும் வாய்களைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறார். முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நூலை மூடியே வைத்துவிட்டேன். மறுநாள் எண்ணிப் பார்த்தேன். இராசேந்திரன் கடாரம் வென்றான் என்கிறோம், மெய்தான். அதே கடலிலே, அவன் பேரர்கள் பெட்டியடியிலே கணக்கெழுதவும் தோட்டத்திலே கூலியாய்க் கருகவும் போனார்கள் என்பதும் மெய்தானே! முதல் மெய்யை ஆயிரம் முறை சொன்னோம். இரண்டாவதைச் சொன்னவர் இந்தக் கடைப் பையன். கோவைப் படிப்பகங்களிலே நம் தோழர்கள் இந்நூலை உரக்க வாசித்துக் கேட்கட்டும். சிரிப்பும் வரும், சினமும் வரும், வரட்டும்!

சிங்காரம் சேர்த்து வைத்த பணத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்தார். 1997 டிசம்பர் 30-ல் மதுரையில் காலமானார். தம் சாவை யாருக்கும் சொல்ல வேண்டாமென்று முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். மறைந்த பின்னர் இரண்டு நாவல்களும் ஒரே நூலாக வந்தன.