ஆசை அறுபது நாளும் ஒரு ஜமைக்காப் பாட்டும்

எங்கட ஆக்கள் நிறையப் பேர் வாழும் தோர்ண்டன் ஹீத்தில், 2006 மே 25 அன்று, ஒரு பாட்டுக்காரர் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்துபோனார். பெயர் டெஸ்மண்ட் டெக்கர். வயது 64. காதல் ஏன் நிலைக்குதில்லை என்ற கேள்விக்கு, எங்கட சினிமாப் பாட்டுகள் அதிகம் சொல்லாத ஒரு பதிலை அவருடைய பாட்டு சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

1941இல் ஜமைக்காவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். தையல் பழகி, பிறகு கிங்ஸ்டனில் வெல்டிங் வேலைக்குப் போனார். வேலை செய்துகொண்டே பாடுவார். கூட வேலை செய்தவர்கள் கொடுத்த தைரியத்தில் இசைத்தட்டு தயாரிப்பாளர் லெஸ்லி கொங்கிடம் போய்ச் சேர்ந்தார். தன்னோடு வெல்டிங் செய்த இன்னொரு பெடியனையும் அவரிடம் கூட்டிப்போனார். அந்தப் பெடியன் பொப் மார்லி.

ஒரு நாள் பூங்காவில் சோளம் கடித்துக்கொண்டு நடந்தபோது, ஒரு சோடி காசுக்காகச் சண்டை பிடிப்பது டெக்கரின் காதில் விழுந்தது. செலவுக்குக் காசு வேண்டும் என்றாள் அவள். செய்யிற வேலையில் வருவதே அவ்வளவுதான் என்றான் அவன். டெக்கர் வீடு போய்ச் சேருவதற்குள் பாட்டு முடிந்திருந்தது.

அதுதான் 1968இல் வந்த இஸ்ரேலைட்ஸ். விடிய எழும்பி வயிற்றுப்பாட்டுக்கு மாடாய் உழைக்கும் ஒருவனை, மனைவியும் பிள்ளைகளும் விட்டுப் போகிறார்கள். உடுப்பும் கிழிந்துபோச்சு. கள்ளனாகிவிடுவேனோ என்ற பயம் வேறு. 1969 ஏப்ரலில் அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சொல் விளங்காமலே ஆடியவர்கள் ஏராளம்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று நாங்கள் சொல்லுவோம், மனசு சலிப்பதுதான் காரணம் என்பதுபோல. சினிமாப் பாட்டில் என்றால் விதி காரணம், இல்லாவிட்டால் அவளுடைய கல்நெஞ்சு காரணம். சம்பளம் காரணம் என்று எழுதுவது அபூர்வம். டெக்கர் விட்டுப்போனவளைத் திட்டவில்லை. உழைத்தும் மிஞ்சாத கூலியைத்தான் பாடினார்.

அவருக்கே அது பிறகு நேர்ந்தது. 1971இல் கொங் இறந்தார். பாட்டுகள் பட்டியலில் இருந்து மெல்ல இறங்கின. 1984இல் டெக்கர் வங்குரோத்து ஆனார். அதன் பிறகும் மேடை ஏறிப் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

புலம்பெயர்ந்த எங்களுக்கு இது புதுக்கதை இல்லை. ஒருவர் வேலை முடிந்து வரும்போது மற்றவர் வேலைக்கு வெளிக்கிடும் வீடுகளில், முகம் பார்க்க நேரமில்லாமலே அன்பு வற்றிப்போகிறது. சனம் அதைக் குணக்கேடு என்று கதைக்கும். அடுத்த முறை ஒரு குடும்பம் பிரிந்தது என்று கேள்விப்பட்டால், யாருடைய பிழை என்று கேட்க முன், அந்த வீட்டு வாடகை எவ்வளவு என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கோ.