ஹீத் துரையும் நம்ம சேலத்து இரும்பும்

உலோகவியல் படித்தவர்களுக்கு பெஸ்ஸிமரைத் தெரியும், மஷெட்டைத் தெரியும், ஹாட்ஃபீல்டைத் தெரியும். ஜோசையா மார்ஷல் ஹீத் என்று சொன்னால் நம்மில் பலர் விழிப்போம். ஆனால் அவர் நம்ம சேலத்தில் உத்தியோகம் பார்த்த மனிதர். இந்தப் பக்கத்து இரும்புக் கல்லில் மனசைப் பறிகொடுத்து, கையிலிருந்த பணத்தையும் வாழ்நாளையும் அதிலேயே கரைத்தவர். கடைசியில் எஃகுத் தொழிலையே மாற்றிய ஒரு கண்டுபிடிப்பைச் செய்துவிட்டு, அதன் பலனைக் காணாமலே போய்ச் சேர்ந்தவர். மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்துச் செயலாளர் போன் செய்தபோது, அவருடைய கதையைத்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் அதிகாரி. சேலத்தில் வர்த்தக ரெசிடென்ட். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கம்பெனிக்காகத் துணி வாங்குவதுதான் அந்த உத்தியோகத்தின் முக்கிய வேலை. துணி வாங்க வந்தவரின் கண் கஞ்சமலை மீது விழுந்தது. அந்த மலை முழுக்க மேக்னடைட்.

எனக்குச் சொந்த ஊர் எருமப்பட்டி. கொல்லிமலையைப் பார்த்தே வளர்ந்தவன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி ஓடை மணலில் இழுத்தால் கறுப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு அது விளையாட்டு. மலையிலிருந்து மழையில் கரைந்து வந்த மேக்னடைட் அது என்று நம் கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 1864-ல் கிங், புரூஸ் பூட் என்ற இரண்டு நிலவியலாளர்கள் சேலம் வட்டாரத்து இரும்புப் படுகைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று கொல்லிமலை–தலமலைத் தொகுதி. படிக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது!

ஹீத் முதலில் செய்த நல்ல காரியம், உள்ளூர் உருக்குக்காரர்களின் வேலையைக் கூர்ந்து கவனித்தது. இதை 1839-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் சஞ்சிகையில் விரிவாக எழுதினார். இரும்பைத் துண்டு போட்டு, ஆவாரங்கட்டையைச் சிறு சிறு சில்லாக்கி, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்து மண்மூசையில் வைக்கிறார்கள். மேலே எருக்கிலையைப் போட்டுக் களிமண்ணால் வாயை அடைக்கிறார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுகிறார்கள். கட்டையிலும் இலையிலும் உள்ள கரிமம் இரும்பில் ஏறி எஃகாகிறது. நாம் பரீட்சைக்குப் படித்த கார்பரைசிங்தான் இது. ஆவாரையையும் எருக்கையும் வைத்து நம்ம ஊர்க்காரர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். எகிப்தியர்கள் தங்கள் கல்தூண்களைச் செதுக்கியது இந்திய எஃகு உளியால்தான் இருக்கும் என்றுகூட ஹீத் வாதாடினார். ஆனால் அந்த உருக்குக்காரர்களில் ஒருவரின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

1825-ல் சென்னை மாகாணத்தில் பெரிய அளவில் இரும்பு தயாரிக்கத் தனிச்சலுகை வாங்கினார் ஹீத். 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஆலை எழுந்தது. கல் இருப்பது கஞ்சமலையில், உலை இருப்பது கடற்கரையில்! கல்லைக் காவிரிக்குக் கொண்டுபோய், பரிசலில் ஏற்றி, கொள்ளிடம் வழியாக இறக்கினார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பதில் கடற்சிப்பி, நிலக்கரிக்குப் பதில் மரக்கரி. 1833-ல் கம்பெனியாக மாறி, மலபார் கரையில் பேப்பூரிலும் ஒரு ஆலை வந்தது. பரங்கிப்பேட்டை வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்துவரை போனது.

அந்த இரும்பு மெனாய் ஜலசந்தியின் பாலங்களுக்குப் பயன்பட்டதாகப் பழைய மாவட்ட நூல்களில் இருக்கிறது. மெனாய் தொங்குபாலம் 1826-லேயே கட்டி முடிந்துவிட்டது, ஆலையே 1830-ல்தான். ஆகவே அது கணக்குக்கு ஒத்துவராது. 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு வேண்டுமானால் போயிருக்கலாம்.

ஆலை ஏன் நிலைக்கவில்லை? முக்கியக் காரணம் மரக்கரிதான். காடு வெட்ட வெட்டத் தூரம் போய்விட்டது. கரி வந்து சேரும் செலவு ஏறிக்கொண்டே போனது. கம்பெனி கொடுத்த கடனும் கழுத்தை நெரித்தது. ஹீத் இறந்த பிறகும் புதுக் கம்பெனி ஒன்று தட்டுத்தடுமாறி நடத்திப் பார்த்தது. 1874-க்குள் எல்லாம் முடிந்துபோச்சு.

கையைச் சுட்டுக்கொண்டு இங்கிலாந்து திரும்பிய ஹீத், ஷெஃபீல்டில் எஃகு ஆராய்ச்சியில் இறங்கினார். அப்போது நல்ல எஃகு வேண்டுமென்றால் சுவீடன் நாட்டு இரும்புதான் வேண்டும். மூசையில் 1 முதல் 3 சதவீதம் வரை மாங்கனீஸ் கார்பைடு சேர்த்தால், மலிவான இரும்பிலிருந்தும் நன்றாக அடித்து இணைக்கக்கூடிய எஃகு கிடைக்கும் என்று கண்டுபிடித்து 1839 ஏப்ரலில் காப்புரிமை எடுத்தார். காரணம் நமக்குத் தெரியும். கந்தகம் இரும்போடு சேர்ந்தால் படிகங்களின் எல்லையில் படலமாகப் படிந்து, சூட்டில் அடிக்கும்போது எஃகை உடைத்துவிடும். மாங்கனீஸ் முந்திக்கொண்டு கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது; ஆக்சிஜனையும் வெளியேற்றுகிறது. இன்றும் ஏறக்குறைய எல்லா எஃகிலும் மாங்கனீஸ் உண்டு.

அப்புறம்தான் வினை. கார்பைடைத் தனியே தயாரிக்க வேண்டாம், மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப்பொருளையும் மூசையிலேயே போட்டால் போதும், செலவு மிச்சம் என்று தெரியவந்தது. ஷெஃபீல்டில் ஹீத்தின் ஏஜெண்டாக இருந்த அன்வின் இதைப் பிடித்துக்கொண்டார். காப்புரிமையில் எழுதியிருப்பது கார்பைடு, நான் போடுவது ஆக்சைடு என்று சொல்லித் தனியே தொழில் நடத்தினார். மூசைக்குள்ளே உண்டாவது என்னவோ அதே கார்பைடுதான். வழக்கு கோர்ட் கோர்ட்டாக ஏறியது. ஹீத் 1851-ல் கண்மூடினார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. எஃகின் விலை இறங்கி ஷெஃபீல்டு கொழித்தது. அவர் குடும்பத்துக்கு மிஞ்சியது வழக்குச் செலவு.

இதில் நமக்கு என்ன பாடம்? ஹீத் திறமையில் குறைந்தவரில்லை. ஆனால் தன் விஷயத்தைத் தொழில் தெரிந்தவர்கள் முன் வைத்துப் பேச, இன்னாருடையது என்று பதிவு செய்ய, அவர் காலத்தில் உலோகக்காரர்களுக்கென்று ஒரு சங்கமே இல்லை. லண்டனில் இரும்பு எஃகுக் கழகம் 1869-ல்தான் பிறந்தது. நம் நாட்டில் இந்திய உலோகக் கழகம் 1946-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அதற்குள்ளே இரும்பு சார்ந்தவை, இரும்பு சாராதவை, உலோக அறிவியல், பொருளறிவியல் என்று தனித்தனித் தொழில்நுட்பப் பிரிவுகள் இருக்கின்றன. பெரிய கூட்டத்தில் உலைக்காரனும் மைக்ரோஸ்கோப்காரனும் ஆளுக்கு ஒரு பாஷை பேசுவார்கள். பிரிவுக் கூட்டத்தில் ஒருத்தன் வார்ப்பில் விழுந்த ஓட்டையைச் சொன்னால், அதே ஓட்டையைப் பார்த்த நாலு பேர் எழுந்து பதில் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கிடைத்த பதில்கள் பல.

தம்பி தங்கைகளே, சேலத்திலும் அந்தக் கழகத்துக்குக் கிளை உண்டு. உறுப்பினராகிச் சான்றிதழை ஃபைலில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். உங்களுக்குப் பிடித்த பிரிவு எதுவென்று பார்த்து அதன் கூட்டத்துக்குப் போங்கள். ஃபவுண்டரியில் பார்த்த சின்ன விஷயமானாலும் எழுதி வாசியுங்கள். ஆவாரையும் எருக்கும் போட்டு எஃகு செய்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள். ஹீத் பெயர் கோர்ட் கட்டில் புதைந்தது. உங்கள் வேலையாவது உங்கள் பெயரோடு நிற்கட்டும்.

— எருமப்பட்டியிலிருந்து, உலோகவியல் துறையின் முன்னாள் மாணவன்