சிறுமலர் திரேசம்மாளின் இருண்ட நாட்கள்

சிலுவையும் ரோசா மலர்களும் ஏந்திய சிறுமலர் திரேசம்மாளின் படத்தை அறியாத கத்தோலிக்க இல்லம் அரிது. அந்தச் சாந்த முகத்தைப் பார்ப்போர், அவருக்கு விசுவாசம் இலகுவாய் அமைந்தது என எண்ணக்கூடும். அது தவறு.

1873ல் பிரான்சில் பிறந்த அவர், 15 வயதில் லிசியே நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1896ம் ஆண்டு பெரிய வியாழன் இரவு அவர் வாயிலிருந்து இரத்தம் வந்தது. கசநோய்! மோட்சம் அண்மித்ததென மகிழ்ந்தார். ஆனால் சில நாட்களுக்குள், பாஸ்குக் காலத்திலேயே, மோட்சம் உண்டா என்ற சந்தேகம் அவரைக் கவ்விக்கொண்டது. சாவுக்கு அப்பால் வெறுமைதானோ என உள்ளம் நடுங்கிற்று. அவர் இயற்றிய பக்திக் கவிதைகளைப் படித்தவர்களோ, அவர் ஆறுதலில் திளைப்பதாகவே நினைத்திருப்பார்கள்.

அவர் சந்தேகத்தோடு வாதாடவில்லை. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி, சுவிசேஷத்தோடு நெஞ்சருகே வைத்துக்கொண்டார். சோதனை வரும்போதெல்லாம் இயேசுவிடம் ஓடினார். விசுவாசமற்றோரைத் தம் சகோதரராக ஏற்று, அவர்களுக்காக அந்த இருளிலேயே அமர்ந்திருக்கச் சம்மதித்தார். இதுவன்றோ பெரிய காரியம்!

இருள் விலகவில்லை, ஏறக்குறைய 18 மாதங்கள் நீடித்தது. 1897 செப்டெம்பர் 30ல், 24 வயதில், கையிலிருந்த பாடுபட்ட சிலுவையை நோக்கி, இறைவனை நேசிப்பதாகச் சொல்லியபடியே அவர் உயிர்விட்டார்.