பூட்ஸ் இல்லாமல் கிளாஸ்கோ போன முஹம்மத் ஸலீம்

பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. விளையாட்டு உடையில் ஓர் இந்தியர். அவருக்கு முன்னால் வயதான ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் குனிந்து அவருடைய பாதத்துக்குத் துணிப்பட்டி சுற்றிக்கொண்டிருக்கிறார். அந்த இந்தியர் கல்கத்தாவின் முஹம்மத் ஸலீம். கட்டுப் போடுபவர் கிளாஸ்கோ நகரின் செல்டிக் உதைபந்தாட்டக் கழகப் பயிற்றுநர் ஜிம்மி மக்மெனமி. ஆண்டு 1936.

ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில்தான் ஸலீமைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டேன். வெறுங்காலோடு போய் வெள்ளைக்காரனையே மலைக்க வைத்த நம்முடைய மனிதர் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. நானும் அப்படியே நம்பி, படிப்பிக்கப் போன இடமெல்லாம் அப்படியே சொல்லி வந்தேன். அந்தக் கதையில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதியை, பழுகாமத்தில் ஒரு மாணவன்தான் எனக்குக் காட்டித் தந்தான். அதைச் சொல்வதற்கு முன் ஸலீமின் வாழ்க்கையைப் பார்த்துவிடுவோம்.

ஸலீம் 1904ஆம் ஆண்டு கல்கத்தாவின் மெட்டியாபுருஸ் பகுதியில் பிறந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இந்தப் பகுதிக்குத்தான், ஆங்கிலேயர் அவத் இராச்சியத்தைப் பறித்துக்கொண்ட பின்னர் அதன் கடைசி நவாப் வாஜித் அலி ஷா வந்து வாழ்ந்தார். நவாபின் காலம் முடிந்த பிறகு அது தையல்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்த முஸ்லிம் குடியிருப்பாக இருந்தது. ஸலீமின் குடும்பமும் வசதி குறைந்த குடும்பமே.

அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1911இல், கல்கத்தாவில் ஒரு பெரிய சம்பவம் நடந்தது. மோகன் பகான் கழகம் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவை 2க்கு 1 என்று வென்றது. வென்ற அணியில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலில் ஆடியவர்கள். ஆட்சி செய்பவனை அவனுடைய ஆட்டத்திலேயே வெல்லலாம் என்பதை அன்று ஒரு தலைமுறை கண்டது. அந்தத் தலைமுறையின் பிள்ளைதான் ஸலீம்.

1926 அளவில் சித்தரஞ்சன் கழகத்தில் அவருடைய ஆட்டம் தொடங்கியது. பிறகு ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன் என்று பல கழகங்களுக்கு ஆடினார். அவருடைய இடம் முன்களத்தின் வலது ஓரம். கோல் போடுகிறவனுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் இடம் அது. ஓரமாக ஓடி, மறிக்க வருபவனை ஏமாற்றி, கோலுக்கு முன்னால் நிற்பவனின் காலிலோ தலையிலோ பந்தை வைக்க வேண்டும். கைதட்டு பெரும்பாலும் கோல் போட்டவனுக்கே போகும். ஸலீம் அந்த வேலையில்தான் பெயர் எடுத்தார்.

1934இல், முப்பது வயதில், முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கு வந்தார். முப்பது வயதில் பல வீரர்களின் காலம் முடிந்துவிடும். ஸலீமுக்கு அப்போதுதான் நல்ல காலம் தொடங்கியது. 1891இல் உருவான அந்தக் கழகம் அதே 1934இல் கல்கத்தா லீக்கின் முதல்தரப் பிரிவில் சம்பியன் ஆனது. 1898இல் அந்த லீக் தொடங்கியதிலிருந்து அதுவரை பிரித்தானியரின் அணிகளைத் தவிர வேறு எவரும் அதை வென்றதில்லை. முதலில் வென்ற இந்தியக் கழகம் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்தான். 1934 முதல் 1938 வரை ஐந்து வருடங்கள் அந்தக் கிண்ணத்தை அது விட்டுக் கொடுக்கவில்லை. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து வென்றது.

இந்த வெற்றி அக்கால முஸ்லிம்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இன்று முழுமையாக உணர்வது கஷ்டம். படிப்பிலும் உத்தியோகத்திலும் பின்தங்கியிருந்த ஒரு சமூகம், தன் பெயரைத் தாங்கிய அணி படைப்பிரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கடிப்பதைப் பார்த்தது. ஸலீமின் உண்மையான சாதனை இங்கேதான் இருக்கிறது. ஆனால் நாம் கிளாஸ்கோவைப் பற்றியே பேசுகிறோம். வெளிநாட்டான் மெச்சினால்தான் நம் ஆளின் அருமை நமக்குத் தெரிகிறது.

சரி, கிளாஸ்கோவுக்கு வருவோம். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குப் போகும் வழியில் சீன அணி கல்கத்தாவில் சிநேகபூர்வ ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்தில் ஸலீம் நன்றாக ஆடினார். இரண்டாவது ஆட்டத்துக்கு அவரைக் காணவில்லை. ஸ்கொட்லாந்தில் கடை வைத்திருந்த சகோதரர் ஹாஷிம் ஊருக்கு வந்திருந்தார். அவர் ஸலீமின் ஆட்டத்தைப் பார்த்து, ஐரோப்பாவில் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று சொல்லி, கையோடு கப்பலில் ஏற்றிவிட்டார்.

அவர்கள் போய் நின்ற கழகம் சாதாரணமானது அல்ல. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியோடு இருந்த அயர்லாந்துக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் திரட்டுவதற்காக, ஒரு கத்தோலிக்கத் துறவி 1887இல் ஆரம்பித்த கழகம் செல்டிக். 1936இல் அது ஸ்கொட்லாந்தின் சம்பியன். அதன் முன்கள வீரர் ஜிம்மி மக்ரோரி அந்தப் பருவத்தில் லீக்கில் மட்டும் 50 கோல்கள் போட்டிருந்தார். கழகத்தை 1897 முதல் நடத்தி வந்த வில்லி மேலி இலேசில் அசைந்து கொடுப்பவர் அல்லர். அவரிடம் போய், இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், பூட்ஸ் போட்டு ஆட மாட்டார், ஒருமுறை பாருங்கள் என்று ஹாஷிம் கேட்டார். மேலி சம்மதித்தார். சோதித்துப் பார்த்தவர்கள் ஸலீமின் பந்தாட்டத்தைக் கண்டு அசந்து போனார்கள்.

அதன் பிறகுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டது. மக்மெனமி தன் காலத்தில் செல்டிக்கின் பெரிய ஆட்டக்காரர். ஸ்கொட்லாந்து அணிக்கும் ஆடியவர். அப்படிப்பட்டவர் குனிந்து ஸலீமின் பாதங்களுக்கு ஒவ்வொரு சுற்றாகப் பட்டி சுற்றிவிட்டார்.

இங்கே கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டும். செல்டிக்கின் முதல் அணிக்கு ஸலீம் ஆடியதில்லை. இரண்டாம் அணிக்கு இரண்டு ஆட்டங்கள், அவ்வளவுதான். ஹமில்டனுக்கு எதிராக 5க்கு 1, கோல்ஸ்டனுக்கு எதிராக 7க்கு 1 என்று இரண்டிலும் செல்டிக் வென்றது. கோல்ஸ்டன் ஆட்டத்தின் கோல்களில் மூன்று ஸலீம் எடுத்துக் கொடுத்த பந்திலிருந்து வந்தவை என்று ஸ்கொட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை எழுதியது. பெனால்டி அடிக்கச் சொன்னபோது கூச்சத்தால் மறுத்துவிட்டார் என்றும் அதே செய்தியில் இருந்தது. அந்தப் பத்திரிகை அவரை வித்தை காட்டும் இந்தியராகவே வர்ணித்தது. கிழக்கிலிருந்து வந்த கெட்டிக்காரனை அக்காலத்தில் அவர்களுக்கு அப்படித்தான் பார்க்கத் தெரிந்தது.

இந்திய உபகண்டத்திலிருந்து போய் ஓர் ஐரோப்பியக் கழகத்துக்கு ஆடிய முதல் வீரர் என்று இன்று அவர் அறியப்படுகிறார். இரண்டு ஆட்டங்களை இருபதாக்கத் தேவையில்லை. அந்த இரண்டே போதும்.

சில மாதங்களில் ஸலீமுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் நின்று ஆடும்படி செல்டிக் கேட்டுக்கொண்டது. அவர் நிற்கவில்லை. அவருக்காக நடத்திய ஆட்டத்தின் வசூலில் ஒரு பங்கை அவருக்குத் தரக் கழகம் முன்வந்தது என்றும், அதை அவர் அங்கு வந்திருந்த யதீம் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டார் என்றும் அவருடைய குடும்பத்தினர் சொல்லி வந்திருக்கிறார்கள். கல்கத்தா திரும்பி மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடினார்.

வாய்ப்பைக் கைவிட்டவர் என்று சிலர் அவரைக் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வீடுகளில் மத்திய கிழக்குக்குப் போனவர்கள் எத்தனை பேர்? ஒப்பந்தம் முடியுமுன்பே திரும்பி வந்த வாப்பாவையும் காக்காவையும் நாம் தோற்றவர்கள் என்றா சொல்கிறோம்? தன்னால் முடியும் என்று அவர் காட்டினார். அதன் பிறகு தன் மண்ணில் ஆட வந்தார்.

முதுமையில் ஸலீம் நோயில் விழுந்தபோது அவருடைய மகன் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் வேண்டும் என்பது நோக்கமல்ல, வாப்பாவை அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று அறியவே எழுதியதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பதில் வந்தது. உள்ளே 100 பவுணுக்கு ஒரு காசோலை. அந்தக் குடும்பம் அதை மாற்றவில்லை. ஞாபகமாகவே வைத்துக்கொண்டது. முஹம்மத் ஸலீம் 1980இல் வபாத்தானார்.

இப்போது பழுகாமத்துக்கு வருகிறேன். நான் எழுவான்கரையில் குடியிருப்பவன். தினமும் பட்டிருப்புப் பாலம் கடந்து படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகிறேன். அறுவடை முடிந்த வயல்தான் அங்கே பிள்ளைகளின் மைதானம். வெட்டிய நெற்கட்டைகளின் மேல் வெறுங்காலில் ஓடுவார்கள். சென்ற வருடம் பாடசாலை அணியைத் தெரிவு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. அவர்களில் மிக நன்றாக ஆடிய ஒருவனை நான் எடுக்கவில்லை. அவனிடம் பூட்ஸ் இல்லை. காலணி இல்லாமல் போட்டியில் இறங்க முடியாது என்பது இன்றைய ஆட்ட விதி. விதியைச் சொன்னேன், அவன் தலையாட்டிவிட்டுப் போனான். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

சில கிழமைகள் கழித்து ஓர் ஆசிரியர் வராத பாடவேளையில் அந்த வகுப்புக்குப் போய், வழமைபோல ஸலீமின் கதையைச் சொல்லி, தொலைபேசியில் அந்தப் படத்தையும் காட்டினேன். எல்லோரும் ஸலீமைப் பார்த்தார்கள். அந்தப் பையன் மட்டும், கட்டுப் போடுகிற ஆள் யார் சேர் என்று கேட்டான். பயிற்றுநர் என்றேன். அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இருபது வருடங்களாக நான் அந்தப் படத்தில் வெறுங்காலை மட்டும் பார்த்து வந்திருக்கிறேன். குனிந்திருந்தவரைப் பார்க்கவில்லை. வறுமையை வென்ற வீரன் என்று கதை சொல்வது இலேசு. அப்படிச் சொல்லும்போது நம்மிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஸலீமிடம் திறமை இருந்தது, துணிவு இருந்தது. ஆனாலும் மேலி சம்மதித்திருக்காவிட்டால், மக்மெனமி அந்தப் பட்டியைச் சுற்றியிருக்காவிட்டால், அவர் கிளாஸ்கோவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பயணி மட்டுமே.

இவ்வருடம் பாடசாலையில் ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறேன். என் ஊரில் பெரிய பையன்களுக்குக் கால் வளர்ந்து போட முடியாமல் விட்ட பூட்ஸ்களைக் கேட்டு வாங்கி, கழுவி, தைத்து, அதில் போடுகிறேன். இதுவரை ஒன்பது சோடி சேர்ந்திருக்கிறது. முதலாவது சோடி யாருடைய காலுக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை. சற்றுப் பெரிது, முன்பக்கம் துணி வைத்து அடைத்துக் கொடுத்தேன். கோட்டமட்டப் போட்டியில் எங்கள் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. அவன் ஒரு கோல் போட்டான்.

வாவியின் இரு கரைகளும் ஒன்றையொன்று பயந்து பார்த்த வருடங்களை நானும் கண்டவன். எங்கள் வீடுகளில் கட்டிலுக்குக் கீழே கிடக்கும் ஒரு சோடி பழைய பூட்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் போவது அந்த வருடங்களுக்கு ஈடாகாது. ஆனால் போகட்டும். இதைப் படிப்பவர்களின் வீட்டிலும் அப்படி ஒரு சோடி இருக்கலாம். அதைத் தேவைப்படும் பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், அருகில் உள்ள பாடசாலையில் ஓர் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அது போய்ச் சேர வேண்டிய காலுக்குப் போய்ச் சேரும்.