ஜாங்கோவின் இரண்டு விரல்கள்

ஹெவி மெற்றல் இசையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1970 பெப்ரவரி 13 ஆம் திகதியிலிருந்துதான் தொடங்குவார்கள். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் பிளக் சபத் குழு தனது முதலாவது இசைத்தட்டை வெளியிட்ட நாள் அது. திகதியில் பிழையில்லை. ஆனால் அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட, ஹெவி மெற்றல் என்ற சொல்லையே கேட்டிராத ஒரு ரோமா கலைஞருக்கும் அந்த இசையின் பிறப்பில் பங்கிருக்கிறது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்பது அவர் பெயர். தீ, யுத்தம், முகாம், மூடப்பட்ட எல்லை என எமது வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாத பலவற்றினூடாகப் போனது அவருடைய வாழ்க்கை.

1910 ஜனவரி 23 அன்று பெல்ஜியத்தின் லிபர்ஷி என்ற கிராமத்தருகே நிறுத்தப்பட்டிருந்த ஒரு வண்டி வீட்டில் அவர் பிறந்தார். ரோமா மக்களில் மனூஷ் என்று அழைக்கப்படும் பிரிவைச் சேர்ந்த குடும்பம். மனூஷ் என்றால் வேறொன்றுமில்லை, நாம் பேச்சில் சொல்கிற மனுசன்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வட இந்தியாவிலிருந்து மேற்கே நகர்ந்த மக்கள், தங்களைக் குறிக்க அந்தச் சொல்லைக் கூடவே கொண்டுபோயிருக்கிறார்கள்.

அவர்கள் வாழ்ந்த பிரான்ஸ் அந்தச் சொல்லை அவ்வளவாக மதிக்கவில்லை. 1912 இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தின்படி, நாடோடிகளாக வாழ்பவர்கள் விரல் அடையாளம், புகைப்படம், உடல் அளவுகள் அடங்கிய ஒரு பதிவேட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும். ஓர் ஊருக்குள் வந்தாலும் அங்கிருந்து வெளியேறினாலும் அதைக் காட்டி முத்திரை பெறவேண்டும். குற்றம் செய்தவர்களுக்கல்ல, அந்தச் சமூகத்தில் பிறந்தவர்களுக்கு. 1969 வரை அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

பரிஸ் நகரின் ஓரத்து முகாம்களில் வளர்ந்த ஜாங்கோ பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதவும் வாசிக்கவும் தெரியாது. 12 வயதில் பான்ஜோவும் கிற்றாரும் கலந்த ஒரு வாத்தியம் கைக்கு வந்தது. மற்றவர்களின் விரல்களைப் பார்த்தே பழகினார். ஓரிரு ஆண்டுகளில் பரிஸின் நடன மண்டபங்களில் அக்கோர்டியன் கலைஞர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார். 1928 இல், 18 வயதில், இங்கிலாந்தின் பெயர்பெற்ற இசைக்குழுத் தலைவர் ஜக் ஹில்டன் அவரைத் தேடி வந்து தன்னுடன் வாசிக்க அழைத்தார்.

அந்தப் பயணம் நடக்கவில்லை. அவருடைய மனைவி விற்பனைக்காகச் செயற்கைப் பூக்கள் செய்துகொண்டிருந்தார். செலுலோயிட்டில் செய்த பூக்கள். அந்தக் காலத்துத் திரைப்படச் சுருள்களும் அதே பொருள்தான். பொறி பட்டால் போதும். வேலை முடிந்து இரவில் வண்டி வீட்டுக்குத் திரும்பிய ஜாங்கோவின் கையிலிருந்த மெழுகுதிரி அந்தக் குவியலைப் பற்றவைத்தது. இருவரும் உயிர் தப்பினர். ஜாங்கோவின் உடலில் ஏறத்தாழ பாதி எரிந்திருந்தது. வலது காலை அகற்றவேண்டும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். கால் தப்பியது. இடது கையின் மோதிர விரலும் சின்ன விரலும் நரம்பும் தசையும் சுருங்கி உள்நோக்கி மடங்கி நின்றுவிட்டன. கிற்றாரில் தந்திகளை அழுத்துவது இடது கை.

ஏறத்தாழ 18 மாதங்கள் படுக்கையிலேயே போயின. தம்பி ஜோசப் ஒரு கிற்றாரைக் கொண்டுவந்து கொடுத்தார். சுட்டுவிரலையும் நடுவிரலையும் மட்டும் வைத்துக்கொண்டு ஜாங்கோ முதலிலிருந்து தொடங்கினார். நான்கு விரல் உள்ளவர் ஓரிடத்தில் கையை வைத்துக்கொண்டு தந்திக்குத் தந்தி தாவலாம். இரண்டு விரல் உள்ளவர் கழுத்துப் பலகையின் நீளவாக்கில் ஓடவேண்டும். அவர் ஓடினார். மடங்கிய விரல்களையும் முழுதாக விட்டுவிடவில்லை. கூட்டுச் சுரங்கள் பிடிக்கும்போது மேல் தந்திகளில் அவற்றை ஊன்றி வைத்துக்கொண்டார்.

இதை ஓர் அற்புதம் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கத்தை இழந்தவர்களிடம் மன உறுதி இருந்தால் எல்லாம் முடியும் என்று சொல்லிவிட்டுப் போவதற்குத்தான் அப்படியான கதைகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. ஜாங்கோவின் விரல்கள் திரும்பி வரவேயில்லை. அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகவிருந்த அந்த வாய்ப்பும் கைநழுவிப் போனது. படுத்திருந்தபடி ஒன்றரை வருடம் பழகுவதற்கு அவருக்கு நேரமும், கிற்றார் கொண்டுவந்து கொடுக்க ஒரு தம்பியும், பார்த்துக்கொள்ள உறவுகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னர், பிரான்ஸின் தென்கரையிலுள்ள தூலோன் நகரில் ஒரு நண்பரின் வீட்டில் லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டார். அதன் பிறகு ஜாஸ்தான் அவருடைய இசை. 1934 இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிரபெலியுடன் சேர்ந்து ஐவர் குழு ஒன்று உருவானது. ஒரு வயலின், மூன்று கிற்றார், ஒரு பெரிய பேஸ். மேளம் கிடையாது, ஊதுகுழல் கிடையாது. அதுவரை பின்னணியில் தாளம் தட்டிக்கொண்டிருந்த கிற்றாரை ஐரோப்பிய ஜாஸில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜாங்கோதான்.

1939 செப்டெம்பரில் யுத்தம் அறிவிக்கப்பட்டபோது குழு இங்கிலாந்தில் இருந்தது. கிரபெலி அங்கேயே தங்கிவிட்டார். ஜாங்கோ உடனே பரிஸுக்குத் திரும்பினார். அடுத்த கோடையில் அந்த நகரம் ஜேர்மனியர்களின் கைக்குப் போனது. அதன் பிறகு நடந்தது விசித்திரமானது. அவருடைய புகழ் அந்த ஆண்டுகளில்தான் உச்சத்துக்கு ஏறியது. மேகங்கள் என்று பொருள்படும் நுவாஜ் என்ற அவருடைய மெட்டு ஆக்கிரமிக்கப்பட்ட பரிஸின் சொல்லப்படாத கீதமாகவே மாறியது. மண்டபங்களில் அவரைக் கேட்டவர்களில் ஜேர்மன் அதிகாரிகளும் இருந்தார்கள்.

அதே காலத்தில் அதே ஆட்சி ஐரோப்பா முழுவதும் ரோமா மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. கொல்லப்பட்டோர் தொகை இரண்டு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை மதிப்பிடப்படுகிறது. பிரான்ஸில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நாடோடிகள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாம்களில் காவல் நின்றவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள். 1944 இல் நாடு விடுவிக்கப்பட்ட பின்னரும் எல்லோரும் வெளியே வரவில்லை. கடைசியாக அடைபட்டிருந்தவர்கள் 1946 இல்தான் விடப்பட்டார்கள்.

புகழ் ஜாங்கோவைக் காத்தது. மற்றவர்களைக் காக்கவில்லை. இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஆயுதம் வைத்திருப்பவன் கேட்கும்போது வாசிக்க மறுப்பதற்கு எவ்வளவு இடமிருந்தது என்பதைத் தூரத்திலிருந்து அளப்பது இலகு. அவருக்கு அந்தப் பாதுகாப்பில் நம்பிக்கை இருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. 1943 இல் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச்செல்ல முயன்றார். எல்லைக்கு அருகே பிடிபட்டார். ஜாஸ் ரசிகரான ஒரு ஜேர்மன் அதிகாரி அவரை அடையாளம் கண்டு விடுவித்ததாகச் சொல்லப்படுகிறது. மீண்டும் முயன்றார். இம்முறை சுவிஸ் எல்லைக் காவலர்களே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஆண்டுகளில் தன் மக்களுக்காக ஒரு திருப்பலி இசையை அமைக்கத் தொடங்கினார். இசைக்குறிப்பு எழுதத் தெரியாததால், அவர் சொல்லச் சொல்லக் குழுவின் கிளாரினெற் கலைஞர் ஒருவர் எழுதினார். அது முழுமை பெறவில்லை. ரோமா மக்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்பதை மேற்கு ஜேர்மனி ஏற்றுக்கொண்டது 1982 இல். பிரான்ஸ் தன் முகாம்களுக்கான பொறுப்பை ஏற்றது 2016 இல். அடைபட்டிருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அப்போது உயிருடன் இல்லை.

யுத்தத்தின் பின் 1946 இல் டியூக் எலிங்டனுடன் அமெரிக்கா சென்று வாசித்தார். நினைத்த வரவேற்பு அங்கே கிடைக்கவில்லை. 1951 இல் செய்ன் நதிக்கரையிலுள்ள சமுவா என்ற சிற்றூரில் குடியேறினார். மீன்பிடிப்பு, பில்லியர்ட்ஸ், ஓவியம், எப்போதாவது கச்சேரி. 1953 மே 16 அன்று பரிஸில் வாசித்துவிட்டு ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தவர் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு விழுந்தார். வைத்தியர் வந்துசேர நீண்ட நேரமாயிற்று. அவருக்கு வயது 43.

இனி பேர்மிங்ஹாம். ஜேர்மன் குண்டுவீச்சில் கடுமையாக அடிவாங்கிய, இரும்பு ஆலைகளின் நகரம் அது. டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. உலோகத் தகடு செய்யும் ஆலையில் அவருக்கு அன்று கடைசி வேலை நாள். கிற்றார் வாசிப்பதற்காக வெளிநாடு போகவிருந்தார். பழக்கமில்லாத ஓர் இயந்திரத்தில் வேலை செய்யும்போது வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் துண்டாகின. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது வலது கை. இனி வாசிக்க முடியாது என்றார்கள் வைத்தியர்கள். ஆலையின் மேலாளர் ஓர் இசைத்தட்டுடன் வந்து கேட்கச் சொன்னார். கேட்கும் மனநிலையில் பையன் இல்லை. வற்புறுத்திக் கேட்க வைத்துவிட்டு, வாசித்தவர் இரண்டு விரல்காரர் என்று சொன்னார். அது ஜாங்கோவின் இசைத்தட்டு.

அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல் உறைகள் செய்தார். பழைய தோல் மேலங்கியை வெட்டி அவற்றின்மேல் ஒட்டினார். உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தந்தி தெரியாது, அழுத்தம் தெரியாது. அதனால் மெல்லிய தந்திகளைத் தேடினார். சில ஆண்டுகளின் பின் சுருதியையே இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். 1971 இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் பல பாடல்கள் வழமையிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இறங்கியிருக்கும். கடினமான விரலமைப்புகளை விட்டு, இரண்டு சுரங்கள் மட்டும் கொண்ட தடித்த கூட்டுகளை மின்பெருக்கியில் உடைத்து ஒலிக்கவிட்டார். தாழ்ந்த, மெதுவான, கனத்த அந்த ஒலிதான் பிறகு வந்த அத்தனை மெற்றல் குழுக்களுக்கும் அடித்தளம்.

எம்மவர்களில் பலருக்கு அது வெறும் இரைச்சல், பிள்ளைகளைக் கெடுக்கும் பேய்ப்பாட்டு. எல்லா மெற்றலும் நல்ல இசை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் கேட்பவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பது புரியாத விடயமல்ல. எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்வதில்லை. பயத்தைப் பயமாகவே, கோபத்தைக் கோபமாகவே, காதைவிட நெஞ்சுக்கூட்டில் உணரும்படி ஒலிக்கிறது. ஆலைச் சத்தத்திலும் குண்டு விழுந்த வெளிகளிலும் வளர்ந்தவர்கள், அமெரிக்காவிலிருந்து வந்த பூவும் சமாதானமும் பற்றிய பாடல்களில் தங்களைக் காணவில்லை. பிளக் சபத்தின் இரண்டாவது இசைத்தட்டின் முதற்பாடல் ஏழைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் பாதுகாப்பாக இருக்கும் தளபதிகளைப் பற்றியது. அதன் பெயரையே இசைத்தட்டுக்கும் வைக்க நினைத்தார்கள், நிறுவனம் மாற்றிவிட்டது.

2025 ஜூலை 5 அன்று அந்த நால்வரும் தாங்கள் வளர்ந்த அஸ்டன் பகுதியிலுள்ள விளையாட்டரங்கில் கடைசித் தடவையாக ஒன்றுசேர்ந்தார்கள். பாடகர் ஒஸி ஒஸ்போர்னால் நிற்க முடியவில்லை. ஆசனத்தில் அமர்ந்தபடி பாடினார். 17 நாட்களின் பின் அவர் காலமானார். 77 வயது அயோமி நின்றபடி வாசித்தார், விரல் உறைகளுடன்.