உருமி மேளமும் சர் சி.வி. இராமனும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புற மாணவர்களுக்கு வார இறுதியில் இயற்பியல் கற்பிக்கச் செல்பவர்களுள் நானும் ஒருவன். பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டிச் செம்பனை மரங்களுக்கு நடுவே செல்லும் பாதையில்தான் எங்கள் வகுப்பு இருக்கிறது. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த ஊர் என்றால் நம் மூத்தோருக்குச் சட்டென விளங்கும்.

அங்கே படிவம் 4 மாணவன் ஒருவன், இயற்பியல் பாடத்தைக் கைவிடப் போவதாக ஒருநாள் என்னிடம் சொன்னான். விசை, உந்தம், சக்தி என்பவை எல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தவை, நகரத்துப் பிள்ளைகள் படிப்பவை என்பது அவன் எண்ணம். தனக்குக் கோவில் திருவிழாவில் உருமி வாசிக்க மட்டுமே வரும் என்றும் சொல்லிச் சிரித்தான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தேடியபோது எனக்குத் துணை வந்தவர் சர் சி.வி. இராமன்.

நோபல் பரிசு பெற்ற தமிழர் என்ற ஒரு வரியோடு இராமனை நாம் முடித்துக் கொள்கிறோம். பரிசு பெறுவதற்கு முன்பு அவர் என்ன செய்து கொண்டிருந்தார் என்பதுதான் நம் மாணவர்கள் அறிய வேண்டிய கதை.

இராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் கல்லூரி விரிவுரையாளர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இராமன், 1904-இல் இளங்கலையிலும் 1907-இல் முதுகலையிலும் சிறந்து தேறினார். அறிவியலையே தொழிலாகக் கொள்ள அன்றைய இந்தியாவில் ஓர் இளைஞனுக்கு வழி குறைவு. எனவே அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-இல் கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியானார்.

ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது, பௌபசார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அக்கழகத்தின் ஆய்வுக்கூடம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. இராமன் அதைத் திறக்க வைத்தார். அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவலகம் முடிந்து இரவு வரையிலும் அங்கே ஆய்வு செய்தார். இடையில் இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகிச் சென்றார். இப்படி ஏறத்தாழப் பத்தாண்டுகள்! பகலில் வேலை, இரவில் படிப்பு என்று வாழும் நம் பிள்ளைகள் பலருக்கு இவ்வாழ்க்கை அந்நியமானதன்று.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் எடுத்துக் கொண்ட பொருள்களுள் ஒன்று வயலின். வில் ஒரே சீராக நகர்கிறது. நரம்பு மட்டும் ஏன் அதிர்கிறது? வில்லுக்கும் நரம்புக்கும் இடையே உள்ள உராய்வு விசை நரம்பைப் பற்றி இழுத்துச் செல்கிறது. நரம்பு விலக விலக, அதை மீட்கும் இழுவிசை கூடுகிறது. ஒரு கட்டத்தில் உராய்வு தோற்கிறது; நரம்பு வழுக்கித் திரும்புகிறது; மறுபடியும் வில்லிடம் பிடிபடுகிறது. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் இந்தப் பற்றலும் வழுக்கலுமே நாம் கேட்கும் நாதம். இதைப் பற்றி 1918-இல் இராமன் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர், வில்லை நிலையாக வைத்து வயலினையே சீரான வேகத்தில் நகர்த்தும் பொறியை அமைத்து அளந்து பார்த்தார். வேகம் கூடினால் வில்லின் அழுத்தமும் கூட வேண்டும். வயலினின் குதிரைக்கு அருகே செல்லச் செல்ல இன்னும் கூடுதலாக அழுத்த வேண்டும் என்று 1920-இல் எடுத்துரைத்தார். மிருதங்கத்தின் நடுவே உள்ள கருஞ்சோறு, தோலின் அதிர்வுகளை இசைக்கு இணங்கச் செய்யும் விதத்தையும் அவர் ஆராய்ந்தார்.

உருமியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறோம். மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம். நெஞ்சை உலுக்கும் அந்த உறுமல் எப்படிப் பிறக்கிறது? அதே பற்றலும் வழுக்கலும்தான்!

மோதலையும் இராமன் விட்டு வைக்கவில்லை. எடையுள்ள ஒன்று நகரும்போது அதற்கு உந்தம் உண்டு. குலை ஏற்றிய லோரி, அதே வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளைப் போல் எளிதில் நிற்காது என்பது தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு கோலிக்குண்டுகள் மோதினால், மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது. ஆனால் இயக்கச் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒலியாகவும் உருமாறிவிடும். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் பெருநூலில், கயிற்றில் தொங்கவிட்ட பந்துகளை மோதவிட்ட சோதனைகளை விவரிக்கிறார். 9 பங்கு வேகத்தில் நெருங்கும் கம்பளிப் பந்துகள் 5 பங்கு வேகத்தில் விலகும். கண்ணாடிப் பந்துகளோ 16-க்கு 15. இவ்விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும், வேகத்தால் மாறாது என்பது அவர் கருத்து. இராமனோ மிகமிக மெதுவான மோதல்களைப் புகைப்படம் எடுத்து ஆராய்ந்தார். வேகம் குறையக் குறைய இழப்பும் குறைந்து, பந்துகள் வந்த வேகத்திலேயே விலக நெருங்குகின்றன என்று 1918-இல் காட்டினார். நியூட்டன் சொன்னதாயினும் அளந்து பார்க்கும் துணிவு அந்தக் கணக்குத்துறை இளைஞருக்கு இருந்தது.

1917-இல் அவர் அரசாங்க வேலையைத் துறந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழப் பாதிச் சம்பளத்திற்குப் பேராசிரியரானார். 1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானத்தின் பிம்பம் மட்டுமன்று, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். அங்கிருந்து தொடர்ந்த தேடல் 1928 பிப்ரவரி 28-இல் கனிந்தது. கே.எஸ். கிருஷ்ணன் அவருக்குத் துணை நின்றார்.

இராமன் விளைவையும் ஒரு மோதலாகவே எண்ணிப் பார்க்கலாம். ஒளித்துகள் மூலக்கூறில் மோதுகிறது. பெரும்பாலானவை சக்தி மாறாமல் விலகுகின்றன. மிகச் சிலவோ, சிறிது சக்தியை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டு, அல்லது அதனிடமிருந்து பெற்றுக் கொண்டு வெளிவருகின்றன. கொடுத்தால் நிறம் சிவப்பின் பக்கம் நகரும்; பெற்றால் நீலத்தின் பக்கம். குறைந்த சக்தி எங்கே போனது என்று கேட்டால் மூலக்கூறு எப்படிப்பட்டது என்று விடை வரும். கோலிக்குண்டில் இழந்ததைத் தேடிய அதே கேள்வி, 1930-இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது.

பின்னர் அவர் பெங்களூரில் 1948-இல் தம் பெயரிலான ஆய்வுக்கழகத்தை நிறுவினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21-இல் மறைந்தார்.

இவற்றையெல்லாம் அந்த மாணவனிடம் சொன்னேன். அவன் ஏதும் பேசவில்லை. அடுத்த வாரம் வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, குச்சியை அழுத்தித் தேய்த்தால் ஒரு சத்தமும் இலேசாகத் தேய்த்தால் வேறு சத்தமும் வருவது ஏன் என்று கேட்டான். நூறு ஆண்டுகளுக்கு முன் வயலினைப் பார்த்து இராமன் கேட்ட கேள்வியின் உடன்பிறப்பு அது! உருமிக்கான முழு விடை எனக்குத் தெரியவில்லை. உன் உருமியை எடுத்து வா, சேர்ந்தே அளந்து பார்ப்போம் என்றேன். அவன் இன்னும் இயற்பியல் வகுப்பில் இருக்கிறான்.

கழகத் தோழர்களே, பழைய மாணவர்களே! நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கேள்விகள் இல்லாமல் இல்லை. அவை இயற்பியல் என்று அவர்களிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. பூட்டிக் கிடந்த கூடத்தை இராமன் திறக்க வைத்தார். நமக்குச் சனிக்கிழமை ஒன்று போதும், வாருங்கள்.